மத்தியதரைக் கடற்கரையில் கோல்ஃப் கிளப்: விடுமுறைக்கும் குடியிருப்புக்கும் ஒரே தேர்வு சரிவருமா?

தெற்குக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் லண்டனுக்கு வெளியே வசிக்கிறோம். அடுத்த ஆண்டு இருவரும் பணி ஓய்வு பெறுகிறோம். குளிர்காலத்தில் சில மாதங்களை ஸ்பெயினின் தெற்குக் கரையில், கோஸ்டா டெல் சோல் பகுதியில் கழிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். அவருடைய ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 19. நான் பிந்திக் கற்றுக்கொண்டவள் என்பதால் 34-இல் இருக்கிறேன். பக்கி எனும் சிறு வண்டியில் ஏறிப் போவதைவிட, பையை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்து ஆடுவதே எங்கள் இருவருக்கும் பிடித்தது.

முதலில் விடுமுறையாகப் போய் ஆடிப் பார்த்து, பிடித்துவிட்டால் மைதானத்தை ஒட்டிய சிறு வீடு ஒன்றை வாங்கி, அங்கேயே கிளப்பில் சேரலாம் என்று நினைக்கிறோம். ஆனால் எழுபதை ஒட்டிய மைதானங்கள் உள்ள கரையில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விளம்பரப் படங்களில் எல்லாமே பச்சைப் பசேலென்று, பின்னால் மலையும் முன்னால் கடலுமாக ஒரே மாதிரி இருக்கின்றன. 1997-இல் ரைடர் கோப்பைப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், அது நடந்த வால்டெராமா மைதானத்தின் மேல் என் கணவருக்குத் தீராத ஆசை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஊரைத் தேர்வு செய்வது சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கடலோரம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் மிஹாஸ் பக்கம் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். விடுமுறைக்கான மைதானமும் குடியிருக்கும்போது சேர வேண்டிய கிளப்பும் வேறு வேறு கேள்விகள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆடப் போகிறவர் காட்சியையும் பெயரையும் பார்க்கலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஆண்டுக்குப் பல மாதங்கள் ஆடப் போகிறவர் ஏற்ற இறக்கம், காற்று, பயண நேரம், கூட ஆட ஆள் கிடைப்பது ஆகியவற்றையே பார்க்க வேண்டும். வால்டெராமாவை ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். அது உறுப்பினர்களுக்கான கிளப். வெளியாருக்குக் குறைந்த நேரங்களே ஒதுக்குகிறார்கள். ஒரு சுற்றுக்கே நூற்றுக்கணக்கான யூரோ கட்ட வேண்டும். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் 1974-இல் அமைத்த அந்த மைதானத்தில் கார்க் ஓக் மரங்கள் பாதையை எவ்வளவு இறுக்குகின்றன என்பதை 2-ஆம் குழியின் ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) நடுவிலேயே நிற்கும் மரத்தைப் பார்த்தவுடன் உணர்ந்துவிடுவீர்கள். உங்கள் கணவர் அங்கே ஒருமுறை கட்டாயம் ஆட வேண்டும். அதற்காக அந்த ஊரில் வீடு வாங்க வேண்டியதில்லை.

நடந்து ஆட விரும்புவதாகச் சொன்னீர்கள். அது ஒன்றே உங்கள் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். இங்கே கடலுக்கும் மலைக்கும் நடுவில் உள்ள சமதளம் மிகவும் குறுகலானது. அந்தச் சமதளத்தில் வீடுகள் வந்துவிட்டபடியால், பிற்காலத்தில் வந்த மைதானங்கள் மலைச்சரிவில் ஏறிவிட்டன. லா காலாவில் கேபல் ராபின்சன் அமைத்த மூன்று மைதானங்களும் அழகானவை. ஆனால் அங்கே நடந்து ஆடுவது வழக்கமில்லை, பெரும்பாலோர் பக்கியைத்தான் எடுப்பார்கள். 2023-இல் ஐரோப்பிய, அமெரிக்க வீராங்கனைகள் மோதும் சோல்ஹைம் கோப்பை 14–14 எனச் சமனில் முடிந்த ஃபின்கா கோர்டெசினும் அப்படித்தான்; தொழில்முறை வீராங்கனைகளுக்கே அந்த ஏற்றங்கள் பெரும் சோதனையாக இருந்தன.

பழைய மைதானங்கள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் அமைந்தவை. மலகா விமான நிலையத்துக்கு அருகே கடலை ஒட்டி 1925-இல் ஹாரி கோல்ட் வடிவமைத்த பாரடோர் மைதானம் ஏறத்தாழச் சமதளம். விமானங்கள் தலைக்கு மேல் போகும், அது ஒன்றுதான் குறை. 1959-இல் ஹாவியர் அரானா அமைத்த குவாதல்மினா தெற்கு மைதானமும் நடக்கத் தக்கது. மிஹாஸ் பள்ளத்தாக்கில் இரண்டு மைதானங்கள் இருக்கின்றன. லோஸ் லாகோஸ் அகலமானது, நீளமானது, ஏரிகள் நிறைந்தது. லோஸ் ஒலிவோஸ் குறுகலானது, கிரீன்கள் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைகள்) சிறியவை. 34 ஹேண்டிகேப்பில் ஆடும் ஒருவருக்குத் தூரம் அடிக்கத் தேவையில்லாத இரண்டாவதுதான் இதமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மார்பெல்லாவுக்கு மேலே நுவேவா அந்தலூசியா பள்ளத்தாக்கில் லாஸ் பிரிசாஸ், லோஸ் நரன்ஹோஸ், அலோஹா ஆகியவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. லாஸ் பிரிசாஸில் 1973-இலும் 1989-இலும் கோல்ஃப் உலகக் கோப்பை நடந்தது. உணவகம், கடை, மருத்துவமனை எல்லாமே அருகில் என்பதால் குடியிருக்க வசதியான இடம்தான், ஆனால் விலை மிக அதிகம். சோட்டோகிராண்டேயில் 1964-இல் தொடங்கிய ரியால் கிளப் உண்டு, ஊர் அமைதியானது. ஜிப்ரால்டர் நீரிணைக்கு அருகில் இருப்பதால், கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று வீசத் தொடங்கினால் பந்து போகும் திசையையும் தூரத்தையும் காற்றே முடிவு செய்யும். மலகா விமான நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புல்தரை எழுதியது:

கடலோரம் ஐயா நிலத்தின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். மைதானப் பராமரிப்பில் வேலை செய்பவன் என்ற முறையில், அந்த நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கரையில் நீண்ட காலத்துக்குக் கிளப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே பாய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்பதே.

2023, 2024 ஆண்டுகளின் வறட்சியில் மலகா மாகாணத்தின் நீர்த்தேக்கங்கள் மிக மோசமான நிலைக்கு இறங்கின. மாம்பழமும் அவகாடோவும் விளையும் கிழக்குப் பகுதிக்கு நீர் தரும் லா வின்யுவேலா, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பல ஊர்களில் இரவில் குடிநீரை நிறுத்தினார்கள், நீச்சல் குளங்களை நிரப்பத் தடை விதித்தார்கள். மக்களுக்குக் குடிநீர் தட்டும்போது புல்லுக்குத் தண்ணீர் விடுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டியதும்தான். அந்தலூசியாவின் விதிகள் 2008 முதலே கோல்ஃப் மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. மேற்குக் கரையில் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து தனிக் குழாய்களில் அந்நீர் வருகிறது. இந்தக் குழாய் வந்து சேர்ந்த மைதானத்துக்கும், இன்னும் கிணற்றையோ ஆற்று உரிமையையோ நம்பியிருக்கும் மைதானத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, நல்ல மழை பெய்த ஆண்டில் கண்ணுக்கே தெரியாது. வறண்ட ஆண்டில்தான் தெரியும். நீங்கள் வீடு வாங்கிக் குடியேறிய பிறகு அந்த ஆண்டு வரும்.

சுத்திகரித்த நீருக்கும் ஒரு குணம் உண்டு. அதில் உப்பு மிகுதி. களிமண் நிலத்தில் சோடியம் சேரச் சேர, மண் இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். ஜிப்சம் போட்டு, அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டு அந்த உப்பைக் கீழே தள்ள வேண்டும். பெர்முடா புல் உப்பையும் வெயிலையும் தாங்கும், பாஸ்பலம் இன்னும் அதிகமாகவே தாங்கும். கிரீன்களில் போடும் பென்ட் புல் அவ்வளவு தாங்காது. எனவே கிரீனின் ஓரத்தில் ஒருமுறை குனிந்து பாருங்கள். புல்லின் நுனி மட்டும் மஞ்சளாகக் கருகியிருக்கிறதா, மணல் குழியான பங்கரின் விளிம்பில் வெயில் பட்டு உலர்ந்த மண்ணில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தெளிப்பான்களின் மூடி ஊதா நிறத்தில் இருந்தால், பெரும்பாலும் மறுசுழற்சி நீர் வருகிறது என்று பொருள். கிளப் அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட இவை நம்பகமானவை.

இன்னொன்று, பெர்முடா புல் குளிரில் உறங்கிப் பழுப்பாகிவிடும். குளிர்காலத்துக்குப் பச்சை வேண்டும் என்பதற்காகச் செப்டம்பர், அக்டோபரில் அதன் மேல் ரை புல் விதையைத் தூவுகிறார்கள். அந்த வாரங்களில் நாளுக்குப் பலமுறை நீர் தெளிப்பார்கள், பக்கிகள் பாதையை விட்டு இறங்கக் கூடாது, தரை சொதசொதவென்று இருக்கும். அதேபோல் கிரீன்களில் சிறு துளைகள் இட்டு மணல் நிரப்பும் வேலை ஆண்டுக்கு இரண்டு முறையாவது நடக்கும். அதன் பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பந்து குதித்துக் குதித்துத்தான் ஓடும். முழுக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்வதற்கு முன், இந்தத் தேதிகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான கிளப் உடனே சொல்லிவிடும்.

சில கிளப்புகள் ஃபேர்வேயில் விதை தூவுவதையே நிறுத்திவிட்டு, குளிர்காலப் பழுப்பை அப்படியே விட்டுவிடுகின்றன. பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால், இந்தக் கரையில் அதுதான் பொறுப்புள்ள பராமரிப்பு. உறங்கும் பெர்முடாவின் மேல் பந்து அழகாக நிற்கும், அடிக்கவும் சுகமாக இருக்கும்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லோரும் ஸ்பெயினைப் பற்றியே பேசுகிறீர்கள். விடுமுறை மட்டும் என்றால் துருக்கியின் பெலெக்கை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. அந்தாலியா விமான நிலையத்திலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம். 1994-இல் நேஷனல் கிளப்புடன் தொடங்கி, பைன் காட்டுக்குள் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மைதானங்கள் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிட்டன. நிலம் மணற்பாங்கு, பெரும்பாலும் சமதளம். நடக்க விரும்பும் இந்தத் தம்பதிக்கு மிகவும் பொருந்தும். பீட்டர் தாம்சன் வடிவமைத்த கார்யாவில் ஹீதர் புதர்களும் பைன் மரங்களும் சேர்ந்து இங்கிலாந்தின் ஹீத்லேண்ட் எனும் புதர்வெளியில் ஆடுவது போன்ற உணர்வைத் தரும். 2016-இல் துருக்கிஷ் ஏர்லைன்ஸ் ஓப்பன் போட்டியின்போது அங்கே மின்விளக்கு வெளிச்சத்திலும் ஆடினார்கள். தங்குமிடம், உணவு, ஆட்டம் மூன்றையும் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்குவதால், செலவு எவ்வளவு என்பது புறப்படும்போதே தெரிந்துவிடும். ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொதுவான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அங்கே கழிக்கும் நாட்கள், ஸ்பெயினில் விசா இல்லாமல் தங்கக்கூடிய 90 நாள் கணக்கில் சேராது என்பதும் சிறிய நன்மை அல்ல.

கடலோரம் எழுதியது:

மலைச்சாரல் சொல்வதில் மறுப்பதற்கு அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தாலியாவில் அதிக மழை பெய்வதே டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். இங்கிலாந்தின் குளிரிலிருந்து தப்பிக்கப் போகிறவர்கள் அந்த மாதங்களில் போனால் நாள் முழுவதும் மழையைப் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார நேரும். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்கள் என்றால் சரி. மேலும் அங்கே மைதானங்கள் பெரும்பாலும் ஹோட்டல்களைச் சார்ந்தவை. வருகிறவர்கள் ஒரு வாரம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் ஒரே முகங்களைப் பார்த்துப் பழகும் கிளப் வாழ்க்கை அங்கே குறைவு. எனவே விடுமுறைக்கு அது, குடியிருக்க இது என்று நான் பிரிப்பேன்.

வயலூரான் எழுதியது:

நான் வலென்சியாவில் இருக்கிறேன். தெற்குக் கரையின் புகழில் எங்கள் எல் சாலேர் மறைந்துபோவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருகிறது. ஹாவியர் அரானா 1968-இல் அமைத்த அந்த மைதானம், வலென்சியா நகரத்துக்குத் தெற்கே, அல்புஃபேரா இயற்கைப் பூங்காவுக்குள் கடலை ஒட்டிக் கிடக்கிறது. சில குழிகள் குடைப் பைன் மரங்களுக்கு நடுவிலும், சில மணல்மேடுகளின் மேல் கடலைப் பார்த்தபடியும் போகும். மணல் நிலம் என்பதால் மழை விட்ட சற்று நேரத்திலேயே தரை காய்ந்துவிடும். எளிதாக நடக்கலாம். 1984 ஸ்பானிஷ் ஓப்பனின் கடைசிச் சுற்றில் பெர்ன்ஹார்ட் லாங்கர் வெறும் 62 அடிகளில் சுற்றை முடித்தது இந்த மைதானத்தில்தான். காற்று வீசும் நாளில் அங்கே ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் மதிப்பு விளங்கும்.

மலகாவின் பாரடோரைப் போலவே இதுவும் அரசுக்குச் சொந்தமான பாரடோர் நிறுவனத்தின் மைதானம். யாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். பக்கத்திலேயே ஏரியும் அதைச் சுற்றி நெல் வயல்களும். செப்டம்பரில் கதிர் முற்றிய வயல்களைப் பார்த்தபடி வண்டியில் மைதானத்துக்குப் போகும்போது, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு வேறு எந்தக் காட்சியும் தேவைப்படுவதில்லை. ஆட்டம் முடிந்து எல் பால்மார் கிராமத்தில் அந்த வயல்களின் அரிசியில் செய்த பாயேயாவைச் சாப்பிடலாம்.

குடியேற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபர் 29-ஆம் தேதி பெய்த பெருமழையில் வலென்சியாவுக்குத் தெற்கே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆண்டில் முக்கால்வாசி நாட்கள் வறண்டு கிடக்கும் ஓடைகள்தான் அன்று கரைபுரண்டன. இலையுதிர்காலத்தில் இப்படிக் கொட்டும் மழை மத்தியதரைக் கரை முழுவதற்கும் பொதுவானது. எந்த ஊரில் வீடு பார்த்தாலும், வெள்ள அபாய வரைபடத்தை எடுத்து அந்தத் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தெற்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீரைப் பற்றிப் புல்தரை எழுதியது எங்களுக்கு முற்றிலும் புதிய செய்தி. கணவரிடம் வாசித்துக் காட்டினேன். வீடு பற்றிய கேள்விதான் இப்போது மிச்சம். மைதானத்தை ஒட்டிய வீடு என்றால் கிளப் உறுப்பினர் உரிமை தானாகவே வந்துவிடுமா? விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் விவரத்தில் "கிளப் பங்கு உட்பட" என்று போட்டிருந்தது. அது நல்லதா, சுமையா?

பத்திரம் எழுதியது:

சகோதரி, ஸ்பெயினில் சொத்து வாங்குபவர்களுக்கு ஆவணங்களில் உதவுவது என் தொழில். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வீடு வேறு, கிளப் வேறு. மைதானத்தைப் பார்த்த வீட்டை வாங்கினாலும், வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் செலுத்தினாலும், மைதானத்தின் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் தானாக வராது. மைதானம் பெரும்பாலும் தனி நிறுவனத்துக்குச் சொந்தம். 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமான நிறுவனங்கள் திவாலானபோது சில மைதானங்கள் கைமாறின, சில கவனிப்பாரின்றிக் காய்ந்தன. அவற்றை ஒட்டி வீடு வாங்கியவர்களால் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் கடன் இருக்கிறதா என்பதைச் சொத்துப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்திக் கிடைக்கும் நோட்டா சிம்ப்ளே என்ற பதிவுச் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு எடுப்பதுபோல மைதானத்துக்கும் ஒன்று எடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. உறுப்பினர்களே சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கும் மைதானம் என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அடுத்தது பங்கு. உறுப்பினர் கிளப்புகளில் சேர ஒரு பங்கை வாங்க வேண்டியிருக்கும். அதை விற்கவும் முடியும். ஆனால் பங்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆண்டுச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்பது பல கிளப்புகளின் விதி. வாங்க ஆள் இல்லாத காலத்தில், முதுகு வலியால் ஆட்டத்தை நிறுத்தியவர்கள்கூடச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "பங்கு உட்பட" என்று விற்பவர் சொல்வது சில நேரங்களில் அந்தச் சுமையைக் கைமாற்றும் வழியாகவும் இருக்கலாம். கிளப்பின் விதிமுறை நூலை வாங்கி, விலகும் முறை, சிறப்புக் கட்டண விதிப்பு ஆகிய பகுதிகளை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விற்பனை முகவர் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம். நீங்களே தேடி அமர்த்துங்கள்.

வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பந்து வலப்புறம் வளைந்து போகும். முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து ஏறத்தாழ 150 முதல் 220 மீட்டர் வரை, ஃபேர்வேயின் வலப்பக்கத்தில் உள்ள வீடுகள்தான் அடி வாங்கும். வீடு பார்க்கப் போகும்போது கூரை ஓடுகளை நிமிர்ந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் புதிய ஓடுகள் மாற்றப்பட்டிருந்தாலோ, தோட்டத்து வேலிக்கு மேல் வலை கட்டியிருந்தாலோ, செடிகளின் அடியில் பந்துகள் கிடந்தாலோ, காரணம் கேட்கத் தேவையில்லை. டீக்குப் பின்புறமும், டீயை அடுத்து இடப்பக்கமும் உள்ள வீடுகள் ஓரளவு பாதுகாப்பானவை. புல் வெட்டும் இயந்திரங்கள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தங்கும் உரிமை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், நாட்களை இனி இயந்திரமே கணக்கிடும். சொத்து வாங்கி வதிவிட உரிமை பெறும் கோல்டன் விசா 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது; இன்றும் அதைச் சொல்லி வீடு விற்பவர்கள் இருந்தால் விலகிவிடுங்கள். வேலை செய்யாமல் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கான விசா தனியே உண்டு. ஆனால் ஆண்டுக்கு 183 நாட்களுக்கு மேல் தங்கினால் ஸ்பெயினின் வரிக் குடியாளர் ஆகிவிடுவீர்கள். உங்கள் ஓய்வூதியத்துக்கு அதன் விளைவு என்ன என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். அந்தலூசியாவில் பழைய வீடு வாங்கினால் 7 விழுக்காடு சொத்து மாற்று வரி. அதன் பிறகு ஆண்டுதோறும் நகராட்சி வரி, சங்கக் கட்டணம், குடியாளர் அல்லாதவர்களுக்கான வரி ஆகியவை தொடரும். குளிர்காலம் மட்டும் வருவதாக இருந்தால், வாடகைக்கு இருப்பதே மலிவு என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தவுடன் தெரிந்துகொள்வீர்கள்.

கயல்விழியாள் எழுதியது:

நான் எஸ்தெபோனாவில் வசிக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து சில சொற்கள் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் இதுவரை யாரும் 34 ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் இடத்திலிருந்து பேசவில்லை.

கிளப்பைப் பார்க்கப் போகும்போது, வார நாள் ஒன்றில், பெண்கள் பிரிவு கூடி ஆடும் நாளாகப் பார்த்துப் போங்கள். பெரும்பாலான கிளப்புகளில் வாரம் ஒருநாள் அவர்களுக்கென்று உண்டு. எத்தனை பேர் வருகிறார்கள், புதியவரை எந்தக் குழுவில் சேர்க்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, பேச்சு ஸ்பானிஷிலா ஆங்கிலத்திலா ஸ்வீடிஷிலா என்பதை எல்லாம் ஒரு மதியத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரே நாட்டவர் மட்டும் நிரம்பிய கிளப்பில் தனித்துப்போக வாய்ப்பு உண்டு. நான் சேர்ந்த கிளப்பில் எனக்கு ஸ்பானிஷ் கற்றுத் தந்ததே என்னோடு ஆடும் தோழிகள்தான். இன்று மருத்துவரிடம் தனியாகப் போய்ப் பேசி வருகிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்.

முன் டீக்களையும் பாருங்கள். சில புகழ்பெற்ற மைதானங்களில் பெண்களுக்கான டீயை ஏதோ ஒரு மேட்டில், ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். நூறு மீட்டர் பறக்கும் பந்தால் தாண்ட முடியாத பள்ளம் ஒன்று இருந்தால்கூட வாரந்தோறும் அங்கே பந்தை இழப்பீர்கள், பிறகு ஆட்டமே கசந்துவிடும். பயிற்சித் திடலில் உண்மையான புல்லிலிருந்து அடிக்க முடியுமா, பாய் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள்.

பிப்ரவரி முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் சுற்றுலாப் பயணிகள் நிரம்பி வழியும். அப்போது பல மைதானங்களில் ஒரு சுற்று ஐந்து மணி நேரத்தைத் தொடும். உறுப்பினர்களுக்கென்று காலை நேரங்களை ஒதுக்கி வைக்கும் கிளப்பா என்பது அந்த மாதங்களில்தான் தெரியவரும். குளிர்காலத்தில் மட்டும் வரப்போகிற உங்களுக்கு வேறு எந்தச் சலுகையையும்விட இது பயன்படும்.

தெற்குக்காற்று எழுதியது:

கயல், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் எதைத் தேடுகிறேன் என்பதே எனக்குத் தெளிவானது. நாங்கள் பேசி முடிவு செய்திருக்கிறோம்: வீடு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வரும் பிப்ரவரியில் ஃபூயென்கிரோலா பக்கம் ஒரு மாதம் வாடகைக்கு இருக்கப் போகிறோம். மலகா பாரடோர், மிஹாஸ், குவாதல்மினா மூன்றிலும் ஆடிப் பார்ப்போம். கணவரின் பிறந்தநாளுக்கு வால்டெராமா. போவதற்கு முன் வேறு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமா?

கடலோரம் எழுதியது:

நல்ல முடிவு அம்மா. ஹேண்டிகேப் சான்றிதழை இருவரும் அச்சிட்டு எடுத்து வாருங்கள். பல கிளப்புகள் கேட்பதில்லை, ஆனால் வால்டெராமா போன்ற இடங்களில் கேட்பார்கள். அங்கே என்ன உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதை, முக்கியமாக உங்கள் 34-க்காக, பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். ஒரு மாதம் தங்குவதால், தனித்தனியாகக் கட்டணம் செலுத்தாமல் பல சுற்றுகளுக்கான சீட்டுகளைச் சேர்த்து வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். பிற்காலத்தில் நீண்ட நாட்கள் தங்கத் தொடங்கினால் ஸ்பானிஷ் கூட்டமைப்பின் உரிமம் எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் பந்து யாரையாவது காயப்படுத்தினால், அந்த உரிமத்தோடு வரும் காப்பீடு உதவும். ஃபூயென்கிரோலாவிலிருந்து மலகாவுக்குக் கரையோர ரயில் இருக்கிறது. ஆனால் மிஹாஸ் மைதானங்களுக்குப் போகக் கார் வேண்டும்.

புல்தரை எழுதியது:

பிப்ரவரியில் நீங்கள் பார்க்கப்போவது ரை புல்லின் பச்சையைத்தான். எந்த மைதானம் பிடித்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் மட்டும் திரும்பி வந்து பாருங்கள். அப்போது கட்டணமும் குறைவு, மாலை நேரம் இன்னும் குறைவு. கோடையின் முடிவில் பெர்முடா எப்படி நிற்கிறது, ஏரிகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் காணலாம். தலைமைப் பராமரிப்பாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நீரைப் பற்றி யாராவது அக்கறையோடு விசாரித்தால் மகிழ்ச்சிதான். பம்ப் அறை வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

தெற்குக்காற்று எழுதியது:

அப்படியே செய்கிறோம். மூன்று கிளப்புகளுக்கும் துளையிடும் தேதிகளைக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில்கள் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.